கறுப்புக் கட்டத்துக்குள் ஒரு பெயர்

அஞ்சல்வழியே பட்டம் பெற்ற ஒரு தலைமுறையை நம்மில் பலர் அறிவோம். மதுரைப் பல்கலைக்கழகம் 1971-ஆம் ஆண்டிலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-ஆம் ஆண்டிலும் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கின. தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள், அரசு அலுவலக எழுத்தர்கள், மணமாகிக் கைக்குழந்தையோடு வீட்டிலிருந்த பெண்கள் எனப் பலரும் உறையில் வந்த பாடங்களை இரவில் விளக்கடியில் படித்தார்கள். விடுமுறை நாள்களில் பேருந்தேறி நேர்முக வகுப்புகளுக்குச் சென்றார்கள். என் மூத்த சகோதரி முதுகலைப் பட்டம் பெற்றதும் இவ்வாறுதான். சமையலறையில் மிளகாய்ப்பொடிப் புட்டிக்கும் உப்புச் சாடிக்கும் இடையே அவருடைய பொருளாதாரப் பாடநூல் சாய்ந்து நின்றது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. ஆசிரியரைக் காணாமல் கற்பது மனத்துக்குக் கேடு என்று அன்று எவரும் சொல்லவில்லை.

ஆகவே, இணையவழிக் கல்வியை ஒரேயடியாகப் பழிப்போரோடும் எனக்கு உடன்பாடில்லை. அதனை வானளாவப் புகழ்வோரோடும் உடன்பாடில்லை. இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களின் பாடங்களைக் காணொளியாக எல்லாருக்கும் திறந்துவிட்ட என்.பி.டி.இ.எல். 2003-இல் தோன்றியது. நடுவண் அரசின் 'ஸ்வயம்' 2017-இல் வந்தது. சென்னை ஐ.ஐ.டி. 2020 சூன் இறுதியில் இணையவழிப் பட்டப்படிப்பொன்றையே அறிவித்தது. இவையெல்லாம் தேடிவரும் மாணவனுக்காகத் திறந்துவைக்கப்பட்ட கதவுகள். ஆனால் 2020 மார்ச் நடுவில் நிகழ்ந்தது வேறு. பதினெட்டு வயதில் முதன்முறையாகத் தனியே பேருந்தேறி நகரத்துக் கல்லூரிக்குச் சென்ற பிள்ளைகளிடம், 'இனிக் கல்லூரி உன் கைப்பேசிக்குள் இருக்கிறது' என்று சொல்லப்பட்டது. அவர்கள் அதனைத் தேடிச் செல்லவில்லை. அது அவர்களுடைய வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. அந்நாள்களில் நம் இளையோர் அதைப்பற்றி என்ன நினைத்தார்கள், அது அவர்கள் மனத்தை என்ன செய்தது என்பதைக் குறித்து, என் பங்கில் கண்டவற்றைக் கொண்டு சிறிது எண்ணிப் பார்க்க விழைகிறேன்.

தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலையொட்டிய ஊரொன்றில் அப்போது நான் பங்குத்தந்தையாக இருந்தேன். கட்டுமரம் போய் வள்ளமும் விசைப்படகும் வந்துவிட்ட ஊர். ஆனால் கைப்பேசிக்குச் சிக்னல் கிடைப்பது மட்டும் காற்றின் தயவில் இருந்தது. கோயிலின் மொட்டைமாடியில் அது நன்றாகக் கிடைக்கும் என்பதை எனக்கு முன்பே பிள்ளைகள் கண்டுபிடித்திருந்தார்கள். ஊரடங்கு தளர்ந்தபின், வெயிலில் குடையோடு மாடியேறிய இரண்டு மாணவிகளைக் கண்டு, பங்கு மன்றத்தைத் திறந்துவிட்டேன். கப்பலில் பணிபுரியும் பங்குமக்களுள் ஒருவர் இணைய இணைப்புக்குப் பணம் கட்டினார். முதல் வாரம் மூவர் வந்தனர். மாதம் முடிவதற்குள் பதினொருவர். இடைவெளிவிட்டு நாற்காலி போட்டு, முகக்கவசத்தோடு உட்கார்ந்தார்கள். ஒருத்தி வணிகவியல், ஒருவன் இயந்திரவியல், இன்னொருத்தி செவிலியப் படிப்பு. ஒரே கூரையின்கீழ்ப் பதினொரு வகுப்புகள். பதினொரு காதுகளில் பதினொரு ஆசிரியர்கள். வெளியே நின்று பார்த்தால் மன்றத்தில் பேச்சே இராது. இடையிடையே எவனாவது ஒருவன் மட்டும் தலைநிமிர்ந்து, "ஆடிபிள் சார்" என்று சுவரைப் பார்த்துச் சொல்வான்.

அந்தப் பதினொருவருள் ஒருவர்கூடத் தம் முகத்தைத் திரையில் காட்டியதை நான் பார்த்ததில்லை. வகுப்பு தொடங்கியதும் கேமராவை அணைத்துவிடுவார்கள். திரையில் வரிசை வரிசையாகக் கறுப்புக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பெயர், அல்லது பெயரின் முதலெழுத்து. அறுபது பேர் கொண்ட வகுப்பில் ஆசிரியரின் முகம் ஒன்றுதான் வெளிச்சத்தில் இருக்கும். 'டேட்டா' மிச்சமாகும் என்பது அவர்கள் சொன்ன காரணம், அது உண்மைதான். ஆனால் மன்றத்தில் இணைப்பு இலவசமாக இருந்தபோதும் அவர்கள் கேமராவைத் திறக்கவில்லை. வணிகவியல் மாணவியிடம் ஒருநாள் கேட்டேன்.

"ஏம்மா, இங்கதான் நெட்டுக்குக் காசு இல்லையே. முகத்தைக் காட்டினால் என்ன?"

"வீட்டுல இருந்து படிச்சப்போ பழகிருச்சு ஃபாதர். கேமரா போட்டா எங்க வீடு தெரியும். பூசாத சுவரு, கொடியில அப்பா கைலி. கூடப் படிக்கிற பிள்ளைங்க எல்லாம் பாப்பாங்க."

கல்லூரியில் அவள் எல்லாரையும்போல ஒரு மாணவி. நன்றாகத் தேய்த்த சுடிதார் அணிந்து பேருந்திலிருந்து இறங்கியபின், அவள் வீட்டுச் சுவரை எவரும் கேட்டதில்லை. நான்கு ஆண்டுகளோ மூன்று ஆண்டுகளோ, பிறந்த வீட்டின் நிலையைத் தோளிலிருந்து இறக்கி வைத்துவிட்டு மனிதராக மட்டும் நடமாட ஏழைப் பிள்ளைக்குக் கிடைக்கும் இடம் கல்லூரி. திரை அவ்விடத்தைப் பறித்துவிட்டது. எனவே அவள் தன்னைக் கறுப்புக் கட்டத்துக்குள் ஒளித்துக்கொண்டாள்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெரமி பெய்லன்சன் 2021 பிப்ரவரியில், காணொளிக் கூட்டங்கள் மனிதரை ஏன் சோர்வுறச் செய்கின்றன என்பதற்கு நான்கு காரணங்களை முன்வைத்தார். மிக அருகில் விழும் ஓயாத பார்வை. நாள் முழுதும் தன் முகத்தையே காணநேர்வது. அசையாமல் ஓரிடத்தில் கட்டுண்டிருப்பது. நேரில் இயல்பாக விளங்கும் சாடைகளைத் திரையில் முயன்று புரிந்துகொள்ள வேண்டியிருப்பது. கற்றறிந்த விளக்கம்தான், அலுவலகப் பணியாளருக்கு நன்கு பொருந்தும். நம் பிள்ளைகளுக்கோ அந்நான்கில் மூன்றாவதுதான் முழுவதும் பொருந்தியது. அவர்களை எவரும் உற்றுப் பார்க்கவில்லை, எவருமே பார்க்கவில்லை. வேறொரு சோர்வு அது.

மறுபக்கத்தில் ஆசிரியர்கள் பட்ட பாட்டையும் நான் ஓரளவு அறிவேன். 2020-ஆம் ஆண்டின் புனித வாரத்தில், பூட்டிய கோயிலுக்குள் ஒரு முக்காலியில் பொருத்திய கைப்பேசியை நோக்கி நானும் மறையுரை ஆற்றினேன். வெற்று இருக்கைகள். நான் சொன்ன ஒரு சொல் எவரையாவது தொட்டதா, புண்படுத்தியதா, தூங்கவைத்ததா என்பதற்கு எந்தத் தடயமும் இல்லை. அந்த வாரத்தில்தான், குருமடத்தில் இறையியல் பயின்றபோது படித்த புனித அகுஸ்தினாரின் சிறு நூல் ஒன்று நினைவுக்கு வந்தது. ஏறத்தாழ கி.பி. 400-இல், கார்த்தேஜ் நகரத்துத் திருத்தொண்டர் ஒருவருக்கு, புதியவர்களுக்கு எவ்வாறு மறைக்கல்வி புகட்டுவது என அவர் எழுதியது. பெரிய இறையியல் வாதங்களை எதிர்பார்த்துத் திறந்தால், கேட்பவன் கொட்டாவி விட்டால் என்ன செய்வது என்பதைப் பற்றி அதில் அக்கறையோடு பேசுகிறார். நின்றுகொண்டே கேட்பவன் களைத்திருப்பான், அவனுக்கு இருக்கை கொடு என்கிறார். அவன் பேசாதிருந்தால், புரியாததாலா அச்சத்தாலா என்று மெல்லக் கேட்டறியச் சொல்கிறார். கேட்பவனின் முகம் பேசுபவனின் பாடத்தையே மாற்றவேண்டும் என்பது அதன் உட்கிடை. எங்கள் பேராசிரியர் ஒருவர் அந்நூலுக்கு நடைமுறை விளக்கமாகவே இருந்தார். எங்கள் முகங்கள் இருளத் தொடங்கினால் புத்தகத்தை மூடிவிட்டுச் சன்னலோரம் சென்று, தம் சிற்றூரின் மாட்டுச் சந்தைக் கதையொன்றைச் சொல்லுவார். கதை முடிகையில் பாடமும் விளங்கியிருக்கும். அறுபது கறுப்புக் கட்டங்களைப் பார்த்துக்கொண்டு எந்தப் பேராசிரியர் மாட்டுச் சந்தைக் கதை சொல்லமுடியும்?

இனி மாணவரின் மனப்பாங்குக்கு வருவோம். 'இணையவழி வகுப்பு பிடிக்கிறதா?' என்று கேட்டால், மன்றத்துப் பிள்ளைகள் ஒரே குரலில் 'இல்லை' என்பார்கள். 'அப்படியானால் நாளையே கல்லூரி திறந்தால் போவீர்களா?' என்றால் சிலர் மெளனமாவார்கள். இந்த இரண்டு விடைகளையும் சேர்த்துத்தான் புரிந்துகொள்ளவேண்டும். விரிவுரையைத் திரும்பத் திரும்பக் கேட்கமுடிந்தது அவர்களுக்குப் பிடித்திருந்தது. ஆங்கிலத்தில் தடுமாறும் பிள்ளைகளுக்கு அது பெரும் உதவி. பேருந்துக் கட்டணமும் விடியற்காலை ஓட்டமும் இல்லை. செவிலியப் படிப்பு மாணவி மட்டும், ஊசிபோடுவதைப் படத்தில் பார்த்து என்ன பயன் என்று அலுத்துக்கொள்வாள். அவளுடைய அலுப்பு நியாயமானது, தெளிவானது. ஏனையோரின் குழப்பமே என்னைச் சிந்திக்க வைத்தது: அவர்கள் வெறுத்த ஒன்றுக்குள் அவர்கள் பழகிவிட்டார்கள்.

ஆயினும் மன்றத்துப் பிள்ளைகளின் மனநலம் பெரிதாகக் குன்றியதாக எனக்குத் தோன்றவில்லை. காரணம் இணைப்போ நாற்காலியோ அன்று. பதினொன்றரை மணிக்குக் கோயில் பிள்ளை ஒரு தூக்குவாளியில் தேநீர் கொண்டுவருவார். காதிலிருந்து இயர்போனைப் பிடுங்கிவிட்டு எல்லாரும் வேப்பமரத்தடிக்கு வருவார்கள். "ஒண்ணும் வெளங்கல" என்று ஒருவன் சொல்வான்; "எனக்கும்தான்" என்பாள் வேறு கல்லூரியில் வேறு பாடம் படிக்கும் ஒருத்தி. பாடத்தில் எவருக்கும் எவரும் உதவமுடியாது. ஆனால் தனக்கு விளங்காதது தன் மூளையின் குறை அன்று, பிறருக்கும் விளங்கவில்லை என்று அறிவதில் ஓர் ஆறுதல் இருக்கிறது. கல்லூரியில் அந்த ஆறுதல் நடைக்கூடத்தில், உணவகத்தில், பேருந்து நிறுத்தத்தில் கேளாமலே கிடைக்கும். எந்தப் பாடத்திட்டத்திலும் அது அச்சிடப்படவில்லை. ஆகவேதான் கல்லூரியைக் கைப்பேசிக்குள் மாற்றியபோது அதனை மாற்ற எவருக்கும் தோன்றவில்லை.

மன்றத்துக்கு வராத ஒருவனைப் பற்றியும் சொல்லவேண்டும். அவன் பொறியியல் மாணவன். தந்தை வளைகுடா நாட்டில் பணி, ஒரே மகன். மாடியில் அவனுக்கெனத் தனியறை, மடிக்கணினி, வீட்டுக்கே வந்த இணைய இணைப்பு. ஊரில் இணையவழிக் கல்விக்கு எல்லா வசதியும் பெற்றவன் என்றால் அவன் ஒருவன்தான். "எம்பிள்ளை கதவப் பூட்டிட்டு நாள் முழுக்கப் படிக்கிறான் சாமி" என்று அவன் தாய் பெருமையோடு சொல்வார். சாப்பாட்டுத் தட்டு வாசலில் வைக்கப்படும். சில வேளைகளில் தொடப்படாமலே திரும்பும். காலையில் கைப்பேசியில் வகுப்புக்குள் தன் பெயரை ஏற்றிவிட்டு அவன் மீண்டும் உறங்கியிருக்கிறான். இரவெல்லாம் விழிப்பு. பாடம் நடந்த அதே திரையில் விளையாட்டும் படமும் ஓடின. எது வகுப்பு, எது ஓய்வு என்ற வேறுபாடே அழிந்துபோயிற்று. ஏறக்குறைய ஓராண்டு அவன் எவரோடும் நேரில் பேசவில்லை. வருகைப் பதிவு மட்டும் குறைவின்றி இருந்தது. தேர்விலும் தேறிக்கொண்டிருந்தான்.

2021 செப்டம்பர் முதல் நாள் கல்லூரிகள் திறக்கப்பட்டன. அவன் போகவில்லை. முதலில் வயிற்றுவலி என்றான். பின்பு பேருந்தில் கூட்டம் என்றான். பின்பு காரணம் சொல்வதையும் நிறுத்திவிட்டான். அப்போதுதான் தாய் அழுதுகொண்டு பங்கு இல்லத்துக்கு வந்தார்.

அவ்வாண்டு நவம்பரில், மதுரை உள்ளிட்ட நகரங்களில் மாணவர்கள் தெருவில் இறங்கி, 'நடத்தியது ஆன்லைனில், தேர்வும் ஆன்லைனில் வை' என்று முழங்கியதை வாசக அன்பர்கள் நினைவுகூரலாம். பார்த்து எழுதிப் பழகிய சோம்பேறிகள் என்று பெரியோர் பலர் ஏசினர். நம் கோயில் வாசல்களிலும் அந்த ஏச்சு கேட்டது. பார்த்து எழுதியவர்கள் இருந்தார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தப் பையனின் அறையில் அவன் எதிரே உட்கார்ந்து, அவன் வாய்திறக்கக் காத்திருந்து, ஒன்றரை மணி நேரம் கழித்துக் கேட்ட சொற்கள் வேறு.

"காலேஜ் போனா எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு தெரிஞ்சிரும் ஃபாதர். தேர்ட் இயர் வந்துட்டேன். ஃபர்ஸ்ட் இயர் பாடமே தெரியாது. யாருட்ட போய்க் கேப்பேன்?"

இது சோம்பல் அன்று, அச்சம். மறைந்திருப்பது அவனுக்கு இன்பமாக இருந்ததால் அவன் மறைந்திருக்கவில்லை. வெளியே வருவதற்கான வழி ஒவ்வொரு மாதமும் நீண்டுகொண்டே போனதால் மறைந்திருந்தான். ஒருவர் விரும்பிக் கேட்கிறார் என்பதால் அது அவருக்கு நலம் தருகிறது என்று கொள்ளமுடியாது. தெருவில் முழங்கிய குரல்களுள் எத்தனை இவனுடையதைப் போன்றவை என்று எவரும் பிரித்துப் பார்க்கவில்லை. 2022 தொடக்கத்தில் ஓமிக்ரான் அலை எழவே, பிப்ரவரியில் தேர்வுகள் மீண்டும் இணையவழியிலேயே நடந்தன. கேட்டது கிடைத்தது, அச்சம் அப்படியே இருந்தது.

அரசு கைகட்டி நிற்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 2021 சனவரி முதல் ஏப்ரல் வரை, ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட கல்லூரி மாணவருக்கு நாளொன்றுக்கு 2 ஜி.பி. தரவு இலவசமாக வழங்கப்பட்டது. ஏழைக் குடும்பங்களுக்கு அது சிறு உதவி அன்று. ஆனால் நாம் அளந்தது தரவை. கருவி உண்டா, இணைப்பு உண்டா என்பதை. அந்த அளவுகோலில் மாடியறைப் பையன் முதலிடத்திலும், பூசாத சுவர் வீட்டு மாணவி கடைசியிலும் நின்றார்கள். நிகழ்ந்ததோ நேர்மாறு. வறுமை நல்லது என்று இதனால் எவரும் கொள்ளவேண்டாம். அவளுக்கும் ஒரு தனியறை இருந்திருந்தால் அவள் மன்றத்துக்கு வந்திருக்கமாட்டாள் என்பதே நான் சொல்லவருவது. இருவருக்கும் கிடைத்திருக்கவேண்டியது வேப்பமரத்தடி.

போதாக்குறைக்கு ஒரு பட்டப்பெயரும் சூட்டினோம். 2020 ஆகத்தில், இறுதியாண்டு நீங்கலாக, கட்டணம் செலுத்தியிருந்த மாணவருக்கு நிலுவைப் பாடங்களிலும் தேர்ச்சி அறிவிக்கப்பட்டது. அன்றிலிருந்து அவர்கள் 'ஆல் பாஸ்', 'கொரோனா பேட்ச்'. திருமண வீட்டுப் பந்தியிலும் இந்த நகைச்சுவை பரிமாறப்பட்டது. வேலைக்கான நேர்காணலில் தேர்ச்சியாண்டைப் பார்த்ததும் அதிகாரியின் உதட்டோரம் எழுந்த சிரிப்பைப் பற்றி என்னிடம் சொன்ன இளைஞர்கள் மூவர். நான்கு சுவருக்குள் அவர்கள் எவ்வளவு உழைத்திருந்தாலும், அச்சிரிப்புக்கு விடை இல்லை.

பையனை மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லவேண்டும் என்றதும் அவன் பாட்டி கேட்டார்: "செபம் போதாதா சாமி? பைத்தியம்னுல ஊர் சொல்லும்." அவன் நெற்றியில் சிலுவை வரைந்து செபித்துவிட்டு, "வாங்க, இப்போ ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றேன். காய்ச்சலுக்கும் நாம் செபிக்கிறோம், மாத்திரையும் விழுங்குகிறோம். மனத்துக்கு மட்டும் ஏன் இந்தத் தயக்கமோ. அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் அன்று எங்களுக்கு முன்னால் வரிசையில் நின்றவர்களுள் நான்கைந்து பேர் கல்லூரி வயதினர். மருத்துவர் மருந்து கொடுத்தார். அதனினும் மேலாக, தினமும் வீட்டுக்கு வெளியே ஒரு மணி நேரம், ஒருவரோடாவது நேரில் பேச்சு, இரவு பதினொரு மணிக்குக் கைப்பேசி தாயின் கையில் என்று ஒழுங்கு வகுத்தார். அடுத்த ஆண்டு 2022 அக்டோபரில் 14416 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் நாடு முழுவதற்குமான மனநல ஆலோசனைச் சேவை தொடங்கியது. தமிழகத்தில் தமிழிலேயே பேசலாம். அவ்வெண்ணைக் கோயில் அறிவிப்புப் பலகையில், திருப்பலி நேரங்களுக்குக் கீழே எழுதிவைத்தோம். பலகையிலிருந்து அதைத் தம் கைப்பேசியில் படமெடுத்துச் சென்றவர்களுள் பெற்றோரே மிகுதி.

அவன் தேறிவந்தது மெதுவாகத்தான். ஓராண்டு பின்தங்கினான். முதலாண்டுக் கணிதத்தை ஊரின் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம், சிறுவர்களோடு திண்ணையில் உட்கார்ந்து படித்தான். அந்த வெட்கத்தைக் கடந்ததுதான் அவன் செய்த பெரிய காரியம் என்று நான் நினைக்கிறேன். கல்லூரியில் அவனைப்போல விளங்காமல் விழித்தவர்கள் வகுப்பில் பாதிப்பேர் இருந்தார்களாம். அதை முதல் வாரத்திலேயே கண்டுகொண்டதாகச் சொல்லிச் சிரித்தான். அவன் சிரித்து நான் பார்த்தது அதுவே முதல்முறை.

இன்று நிலைமை வேறு. கல்லூரி வகுப்பறைகள் நிறைந்திருக்கின்றன. அதே வேளையில், 'ஸ்வயம்' பாடங்களுக்குக் கல்லூரிகளே மதிப்பெண் வழங்குகின்றன. வணிகவியல் மாணவி இப்போது தூத்துக்குடியில் ஒரு கணக்காயர் அலுவலகத்தில் வேலைபார்த்துக்கொண்டே இணையவழியில் முதுகலை படிக்கிறாள். என் சகோதரியைப்போலத் தானே தேடிச் சென்று சேர்ந்த படிப்பு. மூன்றாண்டுகளுக்கு முன் நான் அவ்வூரிலிருந்து மாற்றலாகிவிட்டேன். சென்ற ஆண்டு திருவிழாவுக்குப் போயிருந்தபோது மன்றத்தில் விளக்கெரிந்தது. சனிக்கிழமை மாலைகளில் இணையவழியில் படிப்போர் ஏழெட்டுப் பேர் அங்கே கூடுகிறார்களாம். சாவி அந்தப் பொறியாளரிடம் இருக்கிறது. வாசலில் தொங்கிய குறிப்பேட்டில் வந்தவர் பெயர்களை ஒழுங்காக எழுதி, கீழே தன் கையெழுத்தில் புதிய பங்குத்தந்தைக்கு ஒரு வரி சேர்த்திருந்தான்: வடக்குப் பக்க மின்விசிறி ஓடவில்லை, தேநீர்க் காசு இரண்டு வாரமாகப் பாக்கி.